பிரதி எடுக்காத இரண்டு வரிகள்

என் மின்னஞ்சல் பெட்டியிலிருந்து நான் என் கையாலேயே அழித்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தவை. வேதாரண்யத்துக்கு வடக்கே, கால்வாய் முடிகிற கடைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒரு நண்பர் பதினோரு வருடங்களில் எனக்கு எழுதியவை. அவர் எழுதியவை என்று சொல்வது பாதிதான் உண்மை. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது அவருடைய மனைவி. அவர் சொன்னது முடிந்த பிறகு அந்த அம்மாள் தன் பங்குக்குக் கீழே இரண்டு வரி சேர்ப்பார். போன மாசியில் அந்த அம்மாள் இறந்துவிட்டார். அவர் எழுதியது என்று மிஞ்சியிருந்தது அந்த வரிகள் மட்டும்தான். அவற்றைப் பத்திரப்படுத்தப் போய்த்தான் அழித்தேன்.

நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்கு வராது.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேதி குறித்து வைப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கும் பழக்கம். கல்லணை திறந்த நாள், புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயின் தண்ணீர் எங்கள் பக்கத்துப் பாலத்தைத் தாண்டிய நாள், குறுவை நடவு தொடங்கிய நாள், ஐப்பசியின் முதல் பெருமழை எல்லாம் நோட்டில் இருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த நாளை மட்டும் செய்தித்தாளைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஓர் ஆவணி மாதம், நேரிலேயே பார்த்துவிடலாம் என்று வேதாரண்யம் பேருந்தில் ஏறினேன். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

"என்ன சார், வாய்க்காலையே பாத்துக்கிட்டு வர்றீங்க. எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"தண்ணி வந்துடுச்சுன்னு பேப்பர்ல படிச்சேன். காணலியே."

"பேப்பர்ல வர்ற தண்ணியில பேப்பர்தான் சார் நனையும்."

அவர்தான் பிறகு நண்பரானவர். அவருடைய அப்பா பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். இவர் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கி, சம்பாவை நேரடி விதைப்பாகச் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் உண்மையில் வரும் தேதியைத் தெரிவிக்க முடியுமா என்று கேட்டேன்.

"போன்ல சொன்னா காத்தோட போயிரும் சார். எழுதியே அனுப்புறேன். வீட்ல டைப்ரைட்டிங் படிச்சவங்க. மெயில் போடுவாங்க."

அப்படித் தொடங்கியது. ஆரம்பத்தில் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். பிறகு அவர்கள் ஒரு நல்ல போன் வாங்கியதும் தமிழ் எழுத்திலேயே வந்தது. மாதத்துக்கு இரண்டு, சில மாதம் நான்கு. தண்ணீர் வந்தது, வரவில்லை, மழை பெய்தது, வயலில் உப்பு ஏறியது, விதை முளைத்தது, அழுகியது. வந்த அன்றே ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, தேதியும் விஷயமும் ஒரு பெரிய பதிவேட்டில் ஏற்றிவிடுவேன்.

அந்த அம்மாளின் வரிகள் எப்போதும் "அக்காவுக்கு" என்று தொடங்கும். அக்கா என்பது என் மனைவி. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. போனில் ஒரு தடவை பேசியதோடு சரி. அந்த வரிகளை நான் பதிவேட்டில் ஏற்றவில்லை. பொருளுக்குப் புறம்பானவை என்று நினைத்தேன். சாப்பிடும்போது, "அவங்க உன்ன விசாரிச்சாங்க" என்பேன். எல்லாக் கடிதத்துக்கும் இதைத்தான் சொன்னேன். சில சமயம் அதையும் மறந்துவிடுவேன்.

போன மாசியில் அந்த அம்மாள் இறந்த செய்தி வந்தபோது என் மனைவிக்குக் கண்புரை அறுவை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான் மட்டும் போய்வந்தேன். காரியத்துக்கும் தனியாகவே போனேன்.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். அஞ்சல் பெட்டியைத் திறந்தால் மேலே சிவப்பில் ஓர் அறிவிப்பு. இடம் நிரம்பிவிட்டது, இனிப் புதிய கடிதங்கள் வராமல் போகலாம் என்று. உறவுக்காரர்கள் அனுப்பிய கல்யாணப் படங்களே பாதி இடத்தை அடைத்திருந்தன. அவற்றை முதலில் நீக்கியிருக்கலாம். ஆனால் எனக்கு நண்பரின் கடிதங்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. விலை மதிப்புள்ளதை முதலில் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது.

யாரையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நூலகத்தில் அட்டைகளைக் கணினிக்கு மாற்றியவன் நான், எனக்கு இதுகூடத் தெரியாதா என்ற எண்ணம். கணினியில் நிறுவுகிற அஞ்சல் நிரல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செய்முறையை நாலைந்து இடங்களில் படித்து, படிப்படியாக நோட்டில் எழுதிக்கொண்டேன். நிரலை நிறுவினேன். பெயர், முகவரி கொடுத்தேன். அதற்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் வாங்கச் சொன்னது, வாங்கினேன். பிறகு இரண்டு வழிகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டது. பாப் என்ற வழியில் கடிதங்கள் நம் கணினிக்கு இறங்கிவிடும், இணையப் பெட்டியில் இருப்பவை நீங்கிவிடவும் கூடும். ஐமேப் என்ற வழியில் அங்கே இருப்பவை அங்கேயே இருக்கும், இங்கேயும் தெரியும். நீங்கிவிடக் கூடும் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

கடிதங்கள் இறங்க ஒன்றரை நாள் ஆயிற்று. திரையின் அடியில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருடத்துக்கு ஓர் உறை என்று பதினோரு உறைகள் உண்டாக்கிப் பிரித்து வைத்தேன். இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் உறையிலும் இரண்டு மூன்று கடிதங்களைத் திறந்து பார்த்தேன். திறந்தன. "முந்நூற்றுப் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. சரிபார்த்தேன்" என்று நாள் போட்டு நோட்டில் எழுதினேன்.

அடுத்துச் செய்ததை எங்கள் பக்கத்து ஆள் ஒருவனால்தான் செய்ய முடியும் என்று இப்போது நினைக்கிறேன். நெல் வீடு வந்து சேர்ந்ததும் களத்தைக் கூட்டிப் பெருக்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு மணி கிடந்தாலும் அப்பாவுக்குப் பொறுக்காது. ஒரே நெல் களத்திலும் இருக்கும், பத்தாயத்திலும் இருக்கும் என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். இங்கே வந்துவிட்டது என்றால் அங்கே இருப்பது மிச்சம், கூட்டித் தள்ள வேண்டியது. இணையத்தில் இருந்த பெட்டிக்குள் போய், நண்பரின் முகவரியைத் தேடி, அத்தனையையும் தேர்ந்தெடுத்து நீக்கினேன். குப்பைத் தொட்டிக்குப் போனவை முப்பது நாள் அங்கே கிடக்கும் என்றிருந்தது. இடம் உடனே வேண்டுமே என்று அதையும் காலி செய்தேன்.

மறுநாள் காலை கணினியில் நிரலைத் திறந்தேன். உறைகளுக்கு எதிரே இருந்த எண்கள் என் கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்தன. ஏதோ எண்ணிச் சரிபார்க்கிறது என்று நினைத்தேன். நடுவில் ஒரு சிறிய கட்டம் வந்து, நீக்கிய கடிதங்கள் பிடித்திருக்கும் இடத்தை மீட்டுக்கொள்ளலாமா என்று கேட்டது. எனக்கு ஒழுங்கு பிடிக்கும். சரி என்று அழுத்தினேன். பிறகு முதல் வருடத்து உறையைத் திறந்தேன். ஒன்றுமில்லை. பதினோரு உறைகளிலும் ஒன்றுமில்லை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் ஒருவரிடம் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் பார்த்தார்.

"இந்த முறையில அங்க இருக்கறததான் சார் இங்க காட்டும். அங்க எடுத்துட்டா இங்கயும் போயிடும்."

"நெட்டைக் கழட்டிட்டுப் பாத்தேன். இருந்துச்சே?"

"கழட்டுனா இருக்கும். மாட்டுனதும் அங்க என்ன இருக்குன்னு கேக்கும்ல. லோக்கல் ஃபோல்டர்னு கீழ ஒன்னு இருக்கு பாருங்க, அதுல இழுத்துப் போட்டிருந்தா அது உங்களோடது."

"இப்ப எடுக்கவே முடியாதா?"

"இடத்த மீட்டுக்கலாமான்னு ஒன்னு கேட்டிருக்குமே. அதுக்கு வேணாம்னு சொல்லியிருந்தா ஃபைலுக்குள்ள கெடந்திருக்கும், தோண்டி எடுத்திருப்பேன். என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்."

"ஏன் சார்?"

"கேட்டுச்சு."

அவர் சிரிக்கவில்லை. காசும் வாங்கவில்லை.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவேடு இருக்கிறதே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். தேதிகள் இருந்தன, மழை இருந்தது, தண்ணீர் இருந்தது. கடிதத்தில் இருந்ததெல்லாம் பதிவேட்டில் இருப்பதாகவே எட்டு மாதம் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழிக் கடைசியில் நண்பர் போன் செய்தார். மனைவிக்கு வருஷம் வரப்போகிறது, நாள் குறித்தாயிற்று என்றார். பிறகு சொன்னார்.

"சார், அந்த மெயிலெல்லாம் வச்சிருப்பீங்கள்ல?"

அவரே தொடர்ந்தார்.

"நீங்க எதையும் தூக்கிப் போட மாட்டீங்க. பஸ் டிக்கெட்டையே தேதி எழுதி வைக்கிற ஆளு. அத நெனச்சித்தான் நான் நிம்மதியா இருக்கேன்."

"எந்த வருஷத்துது வேணும்?"

"மழை தண்ணி கணக்கு எனக்கு எதுக்கு சார். அடியில அவ ரெண்டு வரி போடுவால்ல, அது வேணும். என்ன எழுதுனான்னு எனக்குத் தெரியாது. நான் சொல்லி முடிச்சதும் எழுந்து போயிடுவேன். அவ மட்டும் தட்டிக்கிட்டே இருப்பா. என்னான்னு கேட்டா, ஒங்களுக்கு எதுக்கு, இது எனக்கும் அக்காவுக்கும்னுடுவா."

அவரிடம் ஏன் பிரதி இல்லை என்பதையும் சொன்னார். மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது பிரவுசிங் சென்டர்காரர். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் பலருக்கும் அப்படித்தான், கணக்கு நம்முடையது, அதற்குக் கொடுத்த போன் நம்பர் கடைக்காரருடையது. அவர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல் தெரிந்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான். அவர் போன பிறகு அவருடைய போனைத் திறக்கக் கொடுத்த கடையில், உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். புயல் வருடத்தில் கூரையோடு வீட்டுக் காகிதங்களும் போயின. "அவ எழுத்துன்னு கையெழுத்துகூட இல்ல சார். உங்ககிட்டதான் இருக்கு" என்றார்.

"பாத்து எடுத்து வைக்கிறேன்" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அன்று பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பெரிய கோயில் கல்வெட்டுகளை அச்சில் படித்தவன் நான். விளக்கு எரிக்க எத்தனை ஆடு விட்டார்கள் என்று அவற்றில் இருக்கும், விட்டவர் என்ன பேசினார் என்று இருக்காது. அதை ஒரு குறையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் பதிவேட்டில் ஆடு எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது.

பிறகு ஒரு நம்பிக்கை வந்தது. நான் அனுப்பிய பதில்கள் பெட்டியில் அப்படியே இருந்தன. பதில் போடும்போது வந்த கடிதம் அடியிலேயே ஒட்டிக்கொண்டு போகுமே. ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் என் பேச்சு மட்டும்தான் இருந்தது. பதில் அனுப்புமுன் அடியில் தொங்குவதைச் சுத்தமாக அழித்துவிட்டு அனுப்புவதை நான் ஒரு மரியாதையாகவே வைத்திருந்தேன். மூன்று நாள் பார்த்தேன். ஒரே ஒரு பதிலில் தப்பியிருந்தது. திருவாரூர்த் தேர் பார்க்கப் போன அன்று, கூட்டத்தில் நின்றுகொண்டு போனிலிருந்து அனுப்பியது. போனில் அழிக்கத் தெரியாமல் விட்டிருக்கிறேன்.

மேலே நான் எழுதியது: "விவரங்களுக்கு நன்றி. விதைத்த பயறு எத்தனை நாள் பயிர் என்று தெரிவிக்கவும்." அதற்குக் கீழே நண்பர் சொன்னது, வாய்க்கால் காய்ந்துவிட்டது, பயறு பறித்தாயிற்று, உளுந்து பாக்கி என்று நான்கு வரி. அதற்கும் கீழே:

"அக்காவுக்கு. போன தடவ கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. வேல இருந்திருக்கும். சித்திரைல ஒரு நாள் வாங்க, எங்க வீட்லேருந்து கடல் கிட்டதான். நாம ரெண்டு பேரும் போயி உக்காந்துட்டு வரலாம். இவரு கூட்டிட்டுப் போனா கடல்லயும் தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வந்துடுவாரு."

அச்செடுத்து மனைவியிடம் கொடுத்தேன். நடந்த எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"இது எனக்கு எழுதினதா?"

"ஆமா."

"இது மாதிரி எத்தன?"

"எல்லாத்துலயும் இருக்கும்."

"எல்லாத்துலயும்னா?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

அவள் தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தாள். "அத்தன வருஷமும் நான் பதில் சொல்லாதவளாவே இருந்திருக்கேன்" என்றாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"எப்ப போறீங்க?"

"ஞாயித்துக்கிழம."

"நானும் வர்றேன்."

தை மாதத்து ஞாயிறு. மன்னார்குடி தாண்டி இருபுறமும் அறுவடை இயந்திரங்கள் நின்றன. பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நண்பர் வாசலில் காத்திருந்தார். என் மனைவியைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்றார். என் கையில் இருந்த கனத்த பையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். அதில் பதிவேடு இருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஒன்னுதான் மிச்சம்."

"யாரு, நீங்களா?"

"நான்தான். பத்திரமா வைக்கலாம்னு பண்ணப் போயி."

"பத்திரமா" என்றார். திட்டவில்லை. கை நீட்டிப் பதிவேட்டை வாங்கி, பக்கங்களைப் புரட்டினார்.

"மழை இருக்கு."

"இருக்கு."

"உப்பு ஏறுனது இருக்கு. அன்னிக்கு மதகு அடைச்சிக்கிட்டது கூட இருக்கு."

"இருக்கு."

மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு கடிதத்தை என் மனைவிதான் படித்துக் காட்டினாள். கடலில் தண்ணீர் எவ்வளவு என்ற இடம் வந்ததும் அவர் சிரித்துவிட்டார். "என்னையத்தான். என்னைய வச்சிக்கிட்டே எழுதியிருக்கா பாருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எல்லாத்தையும் படிச்சவர்தானே சார். வேற எதாச்சும் ஞாபகம் இருக்கா? யோசிச்சு சொல்லுங்க."

நான் யோசித்தேன். "புயலுக்கு அப்புறம் வந்ததுல, கொல்லையில இருந்த முருங்க மரம் விழுந்தத பத்தி வருத்தம் தெரிவிச்சிருந்தாங்க."

"எப்படி எழுதியிருந்தா?"

"மரம் விழுந்தது மனசுக்குக் கஷ்டமா இருக்குன்னு."

அவர் தலையை ஆட்டினார். "இல்ல சார். இது உங்க பேச்சு. அவ அந்த மரத்தத் திட்டியிருப்பா. நின்ன நாள்ல ஒரு நல்ல காய் குடுத்தியா, விழும்போது மாட்டுக்கொட்டாய் மேலதான் விழணுமான்னு எழுதியிருப்பா. அப்படி எதாச்சும் இருந்துச்சா?"

இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்னும் மூன்று நான்கு கடிதங்கள் மங்கலாக நினைவில் இருந்தன. அவற்றை நான் சொன்னால் அவையும் என் பேச்சாகிவிடும் என்று தோன்றியதால் வாயைத் திறக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அவரே எழுந்து, "வாங்கக்கா, கடலப் பாத்துட்டு வந்துருவோம். அவ கூப்புட்டது" என்றார். அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். என் மனைவி கேட்டுக்கொண்டே போனாள். அவங்க எந்த ஊரு, டைப்ரைட்டிங் எங்க படிச்சாங்க, என்ன சமைச்சா பிடிக்கும், கோபம் வந்தா பேசுவாங்களா, பேச மாட்டாங்களா. அவர் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டு போனார். நான் பத்தடி பின்னால் வந்தேன். காற்று எதிரே அடித்தது, பாதிதான் காதில் விழுந்தது. கிட்டே போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். போகவில்லை.